யாமினிக்கு வேலை கிடைத்துவிட்டது

யாமினிக்கு வேலை கிடைத்துவிட்ட விஷயம் நகரி முழுக்கத் தெரிந்த பிறகுதான் யாமினிக்குத் தெரிந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் பெண்களுக்குக் கல்யாணமே அப்படித்தான் நிச்சயமாகிறது, வேலைக்கு மட்டும் தனிச் சட்டமா என்ன?

அன்றைக்கு அவள் புத்தூரிலிருந்து திரும்பி வந்தாள். அங்கே உமாபதி என்பவர் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் அவளை நிறுத்தி, சந்திரகிரிக் கோட்டையைப் பற்றி ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்லியிருந்தார்கள். நடத்தினாள். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்து ஓடவில்லை. எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு, 'ஹிஸ்டரி படிச்சி இன்னா பண்ணப் போறே?' என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட உமாபதி, "திங்கக்கிழமை வந்து சேந்துக்கோம்மா. சோஷியல் டீச்சர் நீதான்," என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இடையிலிருந்த சனியையும் ஞாயிறையும் அவள் மனசுக்குள்ளேயே கழித்துவிட்டாள்.

நகரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே அவளே நிற்கிறாள்! டீக்கடைக்கும் ரீசார்ஜ் கடைக்கும் நடுவில், மின்கம்பத்தில் கட்டிய ஃபிளெக்ஸில், ஆள் உயரத்துக்கும் மேலே. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. 'புகழ்பெற்ற நிறுவனத்தில் வேலைவாய்ப்புப் பெற்ற எங்கள் மாணவி யாமினிக்கு இதயபூர்வமான அபிநந்தனங்கள்' என்று, ஆந்திரா அல்லவா, தெலுங்கில் கொட்டை எழுத்து. கீழே, 'எதிர்கால மையம், திருச்சானூர் ரோடு, திருப்பதி.'

எதிர்கால மையம் என்றால் என்ன? சொல்லித்தான் ஆகவேண்டும். ஆர்ட்ஸ் படித்தவர்களுக்கு வேலை கிடைப்பதில்லை என்று எங்கோ ஒரு மீட்டிங்கில் யாரோ கவலைப்பட்டார்கள். கவலைக்கு நிதி வந்தது. நிதி வந்ததும் இடம் வந்தது, ஒரு லாட்ஜின் மாடி. இடம் வந்ததும் டைரக்டர் வந்தார், ட்ரெய்னர் வந்தார், ஏ.சி. வந்தது, ஏ.சி.யைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்தார். ஆர்ட்ஸ் படிக்காத அத்தனை பேருக்கும் அங்கே வேலை கிடைத்தது. ஆர்ட்ஸ் படித்தவர்கள்தான் மிச்சம். அவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

காலையில் வந்ததும் எல்லோரும் நின்று, நெஞ்சில் கைவைத்து, 'நான் வேலைக்குத் தகுதி பெற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று இங்கிலீஷில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அடுத்தது கைகுலுக்கும் வகுப்பு. ட்ரெய்னர் ஸ்ரீதேவி மேடம் ஒவ்வொரு கையையும் குலுக்கிப் பார்த்து மார்க் போடுவார். "ரொம்ப லூஸ். இந்தக் கையை நம்பி எந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் குடுக்கும்?" என்பார். அதற்கும் அடுத்தது, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' வகுப்பு. அதில் படித்ததைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக்கூடாது.

"ஹிஸ்டரின்னு சொல்லாதே யாமினி. கம்பெனிக்காரங்க பயந்துடுவாங்க. பழைய டேட்டா அனாலிசிஸ்னு சொல்லு," என்றார் மேடம்.

காளஹஸ்தியிலிருந்து வந்த திலீப் தத்துவம் படித்தவன். அவன் படிப்பு 'திங்க்கிங் சொல்யூஷன்ஸ்' ஆயிற்று. ராமகுப்பத்துப் பெண்ணின் தெலுங்கு இலக்கியம் 'கன்டென்ட்' ஆயிற்று. சமஸ்கிருதம் படித்த ஒருவருக்கு மட்டும் எவ்வளவு யோசித்தும் பெயர் அகப்படவில்லை. அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கம்பெனிக்காரர்கள் வந்தால் தலை குனிந்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே யாமினி உண்மையாகவே இங்கிலீஷ் கற்றுக்கொண்டாள். பாடத்திட்டத்தில் அப்படி ஒரு நோக்கமே இல்லை, எப்படியோ நடந்துவிட்டது.

இப்போது ஃபிளெக்ஸுக்கு வருவோம். அதைப் பார்த்த உடனே அவள் மையத்துக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏனென்றால் வீட்டு வாசலில் அவள் நைனா முனிசாமி கையில் லட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். விசைத்தறி ஓட்டுகிற மனுஷன், பட்டப்பகலில் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். 'பொம்பளப் புள்ளைய ஒண்ணுத்துக்கும் ஒதவாத படிப்புப் படிக்க வெச்சிக்கினு கீறானே' என்று தெருவே அவரைக் கிண்டலடித்த காலம் உண்டு. அந்தத் தெருவின் வாயில் அவர் ஒவ்வொரு லட்டாகத் திணித்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா!" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

யாமினி கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை புத்தூரில் சேர்ந்துவிட்டால் வேலை கிடைத்தது மெய்யாகிவிடும். கம்பெனி இல்லை, பள்ளிக்கூடம் என்று பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். நடுவில் ரெண்டு நாள் பொய், அதுவும் அவள் சொன்ன பொய் இல்லை. சிரித்துக்கொண்டே ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பாவம், அங்கேதான் மாட்டினாள்.

திங்கட்கிழமை உமாபதி அவளை உட்காரச் சொல்லவில்லை. செல்போனை எடுத்துக் காட்டினார். அதில் ஃபிளெக்ஸ்.

"பெரிய கம்பெனில வேலை கெடச்ச பொண்ணு எதுக்கும்மா நம்ம ஸ்கூலுக்கு? ரெண்டு மாசம் பாடம் நடத்திட்டுப் போய்டுவே. பரீட்சை நேரத்துல நான் யாரைத் தேடிக்கினு போறது?"

"சார், அது தப்பா போட்டுட்டாங்க. எனக்கு அங்க வேலை ஒண்ணும் இல்ல."

"தப்பாவா? அவ்ளோ பெரிய சைஸ்லயா? சின்னதா போட்டிருந்தா தப்புன்னு நம்பலாம்." அவர் கொஞ்சம் யோசித்தார். கெட்ட மனுஷர் இல்லை. "சரி, வேலை குடுக்கலைன்னு அவங்ககிட்டயே ஒரு லெட்டர் வாங்கிக்கினு வா. மாசக் கடைசி வரைக்கும் வேற யாரையும் போடமாட்டேன்."

அன்றே திருப்பதிக்குப் போனாள். டைரக்டர் டாக்டர் வேங்கடாசலம் சித்தூர்க்காரர். எதில் டாக்டர் என்று கேட்டவர்கள் யாரும் பயிற்சியை முடித்ததில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆ, நம்ம சக்சஸ் ஸ்டோரி! கூர்ச்சோம்மா, உக்காரு."

"சார், எனக்கு வேலை கிடைக்கலை சார்."

"சூடம்மா, இங்க பாரு." அவர் குரலில் அப்பாவின் பாசம் வந்தது. "நூத்துக்கு நூறு பிளேஸ்மென்ட் காட்டணும்னு மேல இருந்து டார்கெட் குடுத்துட்டாங்க. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் உங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கறோம். இதுல கம்பெனியைத் தேட எங்களுக்கு டைம் ஏது? அதனால பிளேஸ்மென்ட்டை முன்னாடியே போட்டுடறோம். வேலை பின்னாடி மெதுவா வரும். ரைத்துங்க விதையைப் போட்டுட்டுத்தானே மழைக்குக் காத்திருக்காங்க? அந்தே, அவ்ளோதான்!"

"அப்போ எனக்கு வேலை கிடைக்கலைன்னு ஒரு லெட்டர் குடுங்க சார். புத்தூர்ல எனக்கு ஒரு வேலை இருக்கு. அது போய்டும்."

"தாராளமா. ஆனா பிளேஸ் ஆனவங்களை சிஸ்டத்துலருந்து எடுக்க ஒரே வழிதான் வெச்சிருக்காங்க. ராஜினாமா."

"எதை சார் ராஜினாமா பண்றது?"

"வேலையை."

"அதான் இல்லையே சார்."

"அதுதான்மா ப்ராப்ளம்." டைரக்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ராஜினாமாவைக் கம்பெனி ஒத்துக்கணும். அதுக்கு நீ அங்க வேலையில சேந்திருக்கணும். நீ சேரவே இல்ல. மொதல்ல போய் சேரு. ஒரு மாசம் நல்லா வேலை பாரு. அப்புறம் தைரியமா ராஜினாமா பண்ணு."

"எந்தக் கம்பெனி சார்?"

அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். 'புகழ்பெற்ற நிறுவனம்' என்று மட்டும் இருந்தது. அட்ரஸ் கேட்டாள். அட்ரஸ் எல்லாம் ரகசியம் என்றார். கம்பெனிக்காரர்களுக்கே சொல்வதில்லையாம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி இருந்தார், கோயில்தான் இல்லை. வெளியே வந்தவளை ஸ்ரீதேவி மேடம் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார்.

"வேலை இல்லேங்கறது ஒரு மைண்ட்செட் யாமினி. உன்னை மாதிரி பிளேஸ் ஆனவங்க நிறைய பேர் இப்படி ஃபீல் பண்றாங்க. அவங்களுக்குன்னே தனி ஹால் வெச்சிருக்கோம்."

ஹாலில் ஏ.சி. இல்லை, ஃபேன் மட்டும். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் யாமினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷத்து ஃபிளெக்ஸ்களில் இருந்த முகங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. எல்லோர் காலடியிலும் டிபன் டப்பா. திலீப் கைகாட்டிக் கூப்பிட்டான். அவன் கைகுலுக்கல் இப்போது பிரமாதமாக இருந்தது.

"நீயும் வந்துட்டியா? உக்காரு. நான் தீபாவளிக்கே பிளேஸ் ஆயிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு ப்ரமோஷன். இப்போ நான் டீம் லீடர்."

"யாருக்கு?"

"இவங்களுக்குத்தான்."

"வீட்டுல சொல்லலியா?"

"எங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, தம்பி பெரிய கம்பெனில கீறான்னு சொல்லித்தான் கல்யாணம் முடிச்சாங்க. இனிமே எப்டி சொல்றது?" அவன் டப்பாவைத் திறந்தான். "பகல்ல வேற எங்க போய் உக்காருவே சொல்லு. இங்க ஃபேனாவது இருக்கு. புளிசாதம் துன்றியா?"

யாமினிக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போனால் நைனா, 'இன்னாம்மா, வேலை விட்டு சீக்கிரமே வந்துட்டே?' என்று கேட்பார். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து முனிசாமி விடியலிலேயே எழுந்து, தானே சோறு கட்டி, பஸ் ஏற்றிவிட வந்தார். கண்டக்டரிடம் எல்லாம், "எம் பொண்ணுதான். கம்பெனிக்குப் போய்க்கினு கீறா," என்றார். அவளும் போனாள். தினமும் போனாள். டைரக்டர் அறை வாசலில் நின்றாள், மத்தியானம் ஹாலில் டப்பாவைத் திறந்தாள், சாயங்காலம் களைத்துப்போய் வீடு திரும்பினாள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் அவளுக்கும் வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் கிடையாது.

மாசக் கடைசி நெருங்கியபோது டைரக்டரே கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆண்டு விழா வைக்கிறோம். பெரிய அதிகாரி வர்றார். நீ மேடையில நின்னு உன் சக்சஸை இங்கிலீஷ்ல பேசு. உன்னை விட்டா இங்க யாருக்கும் இங்கிலீஷ் வராது. பேசி முடிச்சதும் உன் ஸ்டேட்டஸை நானே மாத்திடறேன். ப்ராமிஸ்."

மாற்றுகிறாரா! யாமினிக்கு உயிர் வந்தது. சரி என்றாள். ஸ்ரீதேவி மேடம் எழுதிக்கொடுத்த பேச்சை மனப்பாடம் செய்தாள். எங்கே தொண்டை அடைக்க வேண்டும், எங்கே புன்னகைக்க வேண்டும் என்றெல்லாம் அதிலேயே குறித்திருந்தது.

விழா லாட்ஜின் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வெற்றி பெற்றவர்களின் பெற்றோர்களுக்கு முன்வரிசை. முனிசாமி வெள்ளைச் சட்டையில், தலைமுடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். ரெண்டு வரிசை பின்னால் புத்தூர் உமாபதி. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கெல்லாம் அழைப்புப் போயிருந்தது.

சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போட்டார்கள். சால்வை போட்டவருக்கு இன்னொருவர் சால்வை போட்டார். அப்புறம் அதிகாரி பேசினார்.

"ஆர்ட்ஸ் படித்தவர்கள் சமுதாயத்தின் ஆன்மா. ஆன்மாவுக்குப் பசியில்லை, தாகமில்லை, சம்பள உயர்வும் இல்லை. என் மகனையும் மகளையும் துரதிர்ஷ்டவசமாக இன்ஜினியரிங் படிக்க வைத்துவிட்டேன். உங்களுக்குக் கிடைத்திருக்கும் இந்தப் பாக்கியம் அவர்களுக்கு இல்லை. அமெரிக்காவில் இருக்கிறார்கள், என்ன செய்வது?"

டைரக்டர் வேங்கடாசலம் தன் பங்குக்கு, "வேலையில்லாத் திண்டாட்டத்தை வேலை கொடுத்து ஒழிக்கலாம் என்று எத்தனையோ பேர் முயன்று தோற்றார்கள். நாங்கள் பயிற்சி கொடுத்தே ஒழித்துவிட்டோம். எங்களிடம் வந்த ஒருவர்கூட எங்களை விட்டு வெளியே போனதில்லை," என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

யாமினி மைக்கின் முன் வந்து நின்றாள். முதல் வரியை மேடம் எழுதியபடியே சொன்னாள். நிமிர்ந்தால், எதிரே நைனா. அவர் பக்கத்தில் திலீப்பின் அம்மா. அந்த வரிசை முழுக்க ஒரே மாதிரி முகங்கள், ஒரே மாதிரி சந்தோஷம். பின்னால் உமாபதி கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். மனப்பாடம் செய்தது அத்தனையும் தொண்டையிலேயே நின்றுபோயிற்று. எழுதாத இடத்தில் தொண்டை அடைத்தது.

பிறகு பேசினாள், இங்கிலீஷில்தான். தமிழில் சொன்னால் இதுதான்:

"எனக்கு வேலை இல்லை. இந்த மேடையில் நீங்கள் கௌரவிக்கிற யாருக்கும் வேலை இல்லை. நாங்கள் மாடியில் ஒரு ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம். எங்களை வேலைக்கு அனுப்புவதாக நினைத்து எங்கள் வீட்டில் சோறு கட்டித் தருகிறார்கள். எனக்கு ஒரே ஒரு வேலை உண்மையாகக் கிடைத்தது, பாடம் நடத்துகிற வேலை. உங்கள் ஃபிளெக்ஸ் அதைக் கெடுத்தது. நான் வரலாறு படித்தவள், நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தயவு செய்து எனக்கு வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். என்னை விட்டுவிடுங்கள்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. செல்போனில் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, யாரோ முடித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு கைதட்டினார். அவர் தட்டியதும் மண்டபமே எழுந்து நின்று தட்டியது. "என்ன ஃப்ளூயன்ஸி! என்ன ஐ கான்டாக்ட்!" என்று ஸ்ரீதேவி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முனிசாமி தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினார். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. தன் மகள் அழ அழப் பேச, படித்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், அது புரிந்தது.

சிறந்த பேச்சாளருக்கான ஷீல்டைக் கையில் கொடுத்து, டைரக்டர் காதோரம் குனிந்தார். "சொன்னபடி உன் ஸ்டேட்டஸை மாத்திட்டேன்மா. இன்னிலேருந்து நீ சீனியர் எக்ஸிக்யூட்டிவ்."

மண்டப வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த உமாபதி, அவள் ஓடி வருவதைப் பார்த்து நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும்.

"பூராவும் கேட்டேன்மா. நம்பறேன். லெட்டர்கூட வேணாம்."

"அப்போ நாளைக்கு வந்துடட்டுமா சார்?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு செருப்பைத் தேடினார். "மேடை குடுத்தவங்களைப் பத்தி மேடையிலேயே இப்டிப் போட்டு உடைக்கிறே. எங்க ஸ்கூல்லயும் ஆண்டு விழா உண்டும்மா. நாங்களும் நூத்துக்கு நூறு ரிசல்ட்டுன்னுதான் ஃபிளெக்ஸ் கட்டறோம்." செருப்பு கிடைத்துவிட்டது. "நல்லா இரு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நகரி பஸ்ஸில் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஷீல்ட் முனிசாமியின் மடியில் இருந்தது. ரேணிகுண்டா தாண்டும் வரை அதைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா பேசினே? எல்லாம் எந்திரிச்சி நின்னுட்டாங்களே. எனக்கும் கொஞ்சம் சொல்லேன்."

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. போகவேண்டிய வேலையும் போய்விட்டது. யாமினி சொன்னாள். தமிழில், அவருக்குப் புரிகிற மாதிரி, ஒன்றையும் விடாமல் சொன்னாள். "எனக்கு வேலை இல்ல நைனா. கம்பெனின்னு ஒண்ணு இல்லவே இல்ல. தெனமும் அங்க சும்மா உக்காந்துக்கினு இருந்துட்டுத்தான் வர்றேன். நீ கட்டிக் குடுத்த சோத்தைத் துன்னுட்டு வர்றேன்."

முனிசாமி ஷீல்டைத் துடைப்பதை நிறுத்தினார். மகளைப் பார்த்தார். பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். முன்சீட்டில் இருந்த நகரிக்காரப் பெண்கள் ரெண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பி, காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஷீல்டைத் துண்டால் மூடிவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணும்மா நீ. இது எனக்குத் தோணவே இல்ல பாரு. நான் பாட்டுக்கு லட்டு குடுத்துக்கினு திரிஞ்சிட்டேன். ஊர்க் கண்ணு பொல்லாத கண்ணு. யாரு கேட்டாலும் இப்டியே சொல்லு, வேலை இல்லைன்னே சொல்லு. கண்ணு படாது."

"நைனா, மெய்யாலுமே இல்ல. சத்தியமா இல்ல நைனா."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முன்சீட்டுப் பெண்கள் பார்க்கப் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். முனிசாமி பெருமை தாங்காமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"அழு கண்ணு, நல்லா அழு," என்றார் ரகசியமாக. "அப்பதான் நம்புவாங்க."